கேளாமல் வந்த இருநூறு பவுண்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சமூகநலத் திட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தலைப்பில் ஒரு மணி நேரம் பேசினால் எல்லாவற்றையும் தொட்டு எதையும் சொல்லாமல் போய்விடும் அபாயம் உண்டு. ஆகவே ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் முதியோருக்குக் குளிர்காலத்தில் கொடுக்கப்படும் எரிபொருள் தொகைதான் அது. இரண்டு மூன்று கிளைத் திட்டங்களையும் போகிற போக்கில் பார்ப்போம்.

நமக்கு மார்கழிப் பனியைச் சமாளிக்க ஒரு கம்பளி போதும். அதனால் அந்த நாட்டு வீட்டைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான பிரிட்டிஷ் வீடுகளில் எரிவாயுவில் ஓடும் பாய்லர் ஒன்று இருக்கும். அது தண்ணீரைச் சூடாக்கி, அறைதோறும் சுவரோரம் பொருத்தப்பட்ட ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் 2023இல் வகுத்த கணக்குப்படி, ஒரு சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு மின்சாரம் 2,700 யூனிட்டும் எரிவாயு 11,500 யூனிட்டும் செலவழிக்கிறது. யூனிட் என்பது நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே கிலோவாட் மணிதான். எரிவாயுவில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் எரிந்து தீர்கிறது.

அங்குள்ள வீடுகள் ஐரோப்பாவிலேயே மிகப் பழையவற்றில் சேர்ந்தவை. இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு 1919க்கு முன் கட்டப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் இடைவெளி இல்லாத முழுச் செங்கல் சுவர். உள்ளே எரிப்பது வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இறங்க இறங்க இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. குளிரில் விறைத்துச் சாகிறவர்கள் அபூர்வம். குளிர்ந்த வீட்டில் மாரடைப்பும் பக்கவாதமும் நுரையீரல் நோயும் வந்து சாகிறவர்கள்தான் அதிகம். இறப்புச் சான்றிதழில் எங்கும் ‘குளிர்’ என்ற காரணம் இருக்காது. பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, குளிர்காலத்தில் கூடுதலாக நிகழும் இறப்புகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், மிகக் குளிர்ந்த கால் பங்கு வீடுகளோடு தொடர்புடையவை என்று மதிப்பிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 1997இல் புதிதாக ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியின் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் எரிபொருள் தொகையை அறிவித்தார். முதல் குளிர்காலத்தில் தொகை மிகச் சிறியது: முதியோர் குடும்பத்துக்கு 20 பவுண்டு, வறியவர்களுக்கு 50. பிறகு 100 ஆகி, 2000ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் 200 பவுண்டாக உயர்ந்தது. 80 வயதைத் தாண்டியவர் இருக்கும் வீட்டுக்கு 2003 முதல் 300. இடையில் சில ஆண்டுகள் தற்காலிகமாகக் கூட்டிக் கொடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அடிப்படைத் தொகை கால் நூற்றாண்டாக அதே 200தான். (அந்த நாட்டில் 1972இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் போனஸ் என்று ஒன்று உண்டு. அன்று 10 பவுண்டு, இன்றும் 10 பவுண்டு. திட்டத்தை ஒழித்தால் கெட்ட பெயர் வரும். உயர்த்தாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எல்லா நிதியமைச்சகங்களும் அறிந்த வித்தை இது.)

தொகையைவிட அது வந்த வழிதான் முக்கியம். அரசு ஓய்வூதியம் பெறுகிற எல்லோருக்கும் அது விண்ணப்பம் இல்லாமலே வந்தது. செப்டம்பரில் ஒரு குறிப்பிட்ட வாரத்தில் நீங்கள் உரிய வயதை அடைந்திருந்தால், நவம்பரிலோ டிசம்பரிலோ வங்கிக் கணக்கில் பணம் விழும். கூடவே ஒரு கடிதம் வரும். கோடீஸ்வரருக்கும் வரும். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு பத்திரிகை அதைச் சுட்டிக்காட்டிக் கேலி செய்யும். கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்தத் தொகையைப் பற்றிய ஓர் ஆய்வு பொருளாதார மாணவர்கள் அவசியம் அறிய வேண்டியது. பீட்டி, புளோ, கிராஸ்லி, ஓடியா என்ற நால்வர் செய்தது. அப்போது தகுதி வயது 60. அதைச் சற்றே தாண்டிய குடும்பங்களையும் சற்றே எட்டாத குடும்பங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பணம் பணம்தானே, அதை எதில் வேண்டுமானாலும் செலவழிக்கலாம். சாதாரணமாகக் கையில் கூடுதலாக 100 பவுண்டு வந்தால் அதில் மூன்று பவுண்டு அளவுக்குத்தான் எரிபொருளுக்குப் போகும். ஆனால் எரிபொருள் தொகை என்று பெயரிட்டு வந்த பணத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் எரிபொருளுக்கே போனது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ரசீதும் கேட்கவில்லை. ஏழைக்குப் பணமாகக் கொடுத்தால் வீணடித்துவிடுவார் என்று வாதிடுபவர்களுக்கு இதைவிட நாகரிகமான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

வேடிக்கையான ஓர் இடைச்செருகல். வெயில் தேடி ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் குடியேறிய பிரிட்டிஷ் முதியவர்களுக்கும் இந்தத் தொகை போய்க்கொண்டிருந்தது. இதை நிறுத்த 2015இல் வெப்பநிலைச் சோதனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனிலேயே மிகவும் இதமான தென்மேற்கு இங்கிலாந்தைவிடக் குளிர்காலச் சராசரி வெப்பம் கூடிய நாடுகளுக்குத் தொகை கிடையாது என்பது விதி. அந்தப் பட்டியலில் பிரான்ஸும் மாட்டிக்கொண்டது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பனி வாரிக்கொண்டிருந்த கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிரான்ஸின் சராசரியைக் கணக்கிடும்போது அதன் கடல் கடந்த பகுதிகளையும் சேர்த்திருந்தார்கள். நம் ஊர்களிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தோர் இன்றும் வாழும் ரீயூனியன், குவாடலூப் தீவுகளின் வெயில், பிரெஞ்சு மலைநாட்டில் குடியிருந்த ஆங்கிலேயக் கிழவரின் 200 பவுண்டைப் பறித்துவிட்டது.

இனி 2024க்கு வருகிறேன். 14 ஆண்டுகளுக்குப் பின் ஆட்சிக்குத் திரும்பிய தொழிற்கட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ஜூலை 29 அன்று, முந்தைய அரசு 2,200 கோடி பவுண்டு ஓட்டையை விட்டுச் சென்றிருக்கிறது, எனவே எரிபொருள் தொகை இனி வறிய முதியவர்களுக்கு மட்டும் என்று அறிவித்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பெற்றுவந்தது சுமார் 15 லட்சம் பேராகச் சுருங்கியது. மிச்சம் ஆண்டுக்கு 140 கோடி பவுண்டு அளவில். பணக்காரருக்கு எதற்கு இந்தப் பணம் என்ற வாதம் காதுக்கு நியாயமாகவே ஒலித்தது. செப்டம்பர் 10ஆம் தேதி இந்த முடிவை ரத்து செய்யக் கோரிய தீர்மானம் 228க்கு 348 என்ற வாக்குகளில் தோற்றது.

வறியவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ‘பென்ஷன் கிரெடிட்’ என்றொரு உதவி இருக்கிறது. வருமானம் குறைந்த முதியவருக்கு அரசு கைகொடுத்து ஒரு குறைந்தபட்ச அளவுக்கு உயர்த்துவது. அதையோ வேறு சில வறுமை உதவிகளையோ பெறுபவரே வறியவர் என்று அரசு எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு தனிநபருக்கு அதன் எல்லை வாரத்துக்கு 218 பவுண்டு 15 பென்ஸ். புதிய முறையில் முழு அரசு ஓய்வூதியம் எவ்வளவு தெரியுமா? வாரத்துக்கு 221 பவுண்டு 20 பென்ஸ். வேறு ஒரு பென்னி வருமானமும் இல்லாமல், வாழ்நாளெல்லாம் உழைத்துக் காப்பீட்டுச் சந்தா கட்டி, முழு ஓய்வூதியம் மட்டுமே பெறும் ஒருவர், சாதாரண நிலையில், மூன்று பவுண்டு ஐந்து பென்ஸ் அதிகம் பெறுகிறார் என்பதற்காக எரிபொருள் தொகையை முழுவதும் இழந்தார். அவரை யாரும் பணக்காரர் என்று சொல்ல மாட்டார்கள், அரசைத் தவிர.

இது எல்லைக்கு மேலே நின்றவர் கதை. எல்லைக்குக் கீழே இருந்தவர் நிலை இன்னும் மோசம். பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்கு அதைக் கேட்டு வாங்குவதே இல்லை. பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்திதான் இது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காததால் தொகையை இழக்கப்போகிறவர்கள் 7,80,000 பேர் என்று அரசின் உள் மதிப்பீடே சொன்னது.

ஏன் கேட்பதில்லை? விண்ணப்பத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லைதான். அதைத் தெரிந்துகொள்ளவே முதலில் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். சேமிப்பு இருந்தால் கிடைக்காது என்று நினைத்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் 10,000 பவுண்டு வரை சேமிப்பு கணக்கில் வராது. அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக்கொள்வார்கள். அதாவது ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வட்டி. அப்படி வட்டி தரும் வங்கி லண்டனில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அரசு சொன்னால் நானும் கணக்குத் தொடங்கத் தயார். இதற்கெல்லாம் மேலே கூச்சம். போர்க்காலத்துச் சிக்கனத்தில் வளர்ந்த தலைமுறைக்குக் கைநீட்டுவது அவமானம். எல்லோருக்கும் வருகிற பணத்தை வாங்குவதில் அந்த அவமானம் இல்லை. கோடீஸ்வரருக்கும் போகிறது என்று பத்திரிகைகள் கேலி செய்தனவே, அந்த வீண்செலவு ஏழைக்கு ஒரு மறைவைக் கொடுத்தது. அதன் விலையை யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

கொடுமையான கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். பென்ஷன் கிரெடிட் பெறுவோருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 3,900 பவுண்டு கிடைக்கும் என்று அரசே விளம்பரம் செய்தது. தகுதியுள்ள எல்லோரும் விண்ணப்பித்துவிட்டால், எரிபொருள் தொகையில் பிடித்த மிச்சத்தைவிடச் செலவு அதிகமாகிவிடும் என்று அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். அதாவது, விண்ணப்பியுங்கள் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்ட அரசின் மிச்சக் கணக்கு, பலர் விண்ணப்பிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நின்றது. அறிவிப்புக்குப் பிறகு ஏழு மாதங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ பாதிதான் ஏற்கப்பட்டன. இந்த வெட்டினால் ஆண்டைப் பொறுத்து 50,000 முதல் ஒரு லட்சம் முதியவர்கள் வறுமைக்கோட்டுக்குக் கீழே போவார்கள் என்று நவம்பரில் அரசே ஒப்புக்கொண்டது.

பிறகு நடந்ததை விரிக்க வேண்டியதில்லை. 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சி பலத்த அடி வாங்கியது. வீடு வீடாகப் போன வேட்பாளர்கள் எரிபொருள் தொகையைப் பற்றியே கேள்விகளைச் சந்தித்தார்கள். மே 21 அன்று பிரதமர் கியர் ஸ்டார்மர் பின்வாங்கினார். ஜூன் 9 அன்று புதிய ஏற்பாடு வந்தது: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓய்வூதிய வயதை அடைந்த எல்லோருக்கும் முன்போலவே தானாகப் பணம் போகும். ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டியவரிடமிருந்து மட்டும் வரித்துறை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சுமார் 90 லட்சம் பேர் பயனடைவார்கள்.

என் மதிப்பில், தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியது இதுதான். இங்கேயும் ஓர் எல்லை இருக்கிறது. 35,000க்கு மேல் ஒரு பவுண்டு போனாலும் முழுத் தொகையும் போய்விடும். ஆனால் அந்த எல்லையில் நிற்பவர் ரேடியேட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் முடங்குகிறவர் இல்லை. வேண்டாதவரைக் கண்டுபிடிக்கும் வேலையை, ஏற்கெனவே எல்லோருடைய வருமானத்தையும் அறிந்த வரித்துறை செய்கிறது. இருட்டு அறையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் எண்பது வயது மூதாட்டி தன் வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு நல்லெண்ணத்தால் வந்து சேரவில்லை, தேர்தல் பயத்தால் வந்தார்கள். பரவாயில்லை. பயத்தால் வந்த நல்ல சட்டங்கள் உலகில் ஏராளம்.

ஆனால் முதியவரைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசியதில் ஓர் அநீதி இருக்கிறது. இங்கிலாந்தின் அரசுக் கணக்குப்படி எரிபொருள் வறுமை மிக அதிகமாக உள்ள குடும்ப வகை, தாயோ தந்தையோ தனியாகக் குழந்தை வளர்க்கும் குடும்பங்கள். அவர்களுக்கு எரிபொருள் தொகை கிடையாது. முதியவர்கள் தவறாமல் வாக்களிக்கிறார்கள், இளம் தாய்மார்கள் அந்த அளவுக்கு வாக்களிப்பதில்லை. வேறு விளக்கம் தேட வேண்டிய தேவையை நான் காணவில்லை.

அப்படிப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு இருப்பவை வேறு இரண்டு. ஒன்று, கடுங்குளிர் உதவி: உங்கள் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட வானிலை நிலையத்தில் தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பநிலை பூஜ்யம் டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால், அல்லது இருக்கும் என்று கணிக்கப்பட்டால், 25 பவுண்டு. மாதம் முழுவதும் ஒரு டிகிரியில் ஈரக்காற்று வீசினால் ஒன்றும் இல்லை. இன்னொன்று, 2011இல் தொடங்கிய ‘வார்ம் ஹோம் டிஸ்கவுன்ட்’. மின்கட்டணத்தில் 150 பவுண்டு கழிவு. இதில் 2022க்குப் பிறகு வறியவராக இருந்தால் மட்டும் போதாது; உங்கள் வீடு சூடாக்கச் செலவு பிடிக்கும் வீடு என்று அரசின் கணினி மதிப்பிட்டிருக்கவும் வேண்டும். 2025ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வருமானம் பார்த்துத் தரும் உதவி எதையாவது பெறும் சுமார் 60 லட்சம் குடும்பங்களுக்கு இப்போது அது போகிறது, பெரும்பாலும் தானாகவே. நல்ல மாற்றம். ஆனால் இதற்கான பணம் அரசுக் கருவூலத்திலிருந்து வருவதில்லை. எல்லா வாடிக்கையாளர்களின் கட்டணத்திலும் ஏற்றித்தான் வசூலிக்கப்படுகிறது. எந்த உதவியும் பெறாத, ஆனால் ஏழ்மையிலேயே உழலும் கூலித் தொழிலாளி, தன்னைப் போன்ற இன்னொருவருக்கான கழிவைத் தன் பில்லில் செலுத்துகிறார்.

தானாக வருவதற்கும் கேட்டுப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2022ஆம் ஆண்டுக் குளிர்காலம் காட்டியது. உக்ரைன் போர் தொடங்கிய பின் எரிவாயு விலை ஏறியபோது, சராசரிக் குடும்பத்தின் ஆண்டுக் கட்டணத்துக்கான உச்சவரம்பு 1,277 பவுண்டிலிருந்து ஓராண்டில் 3,549 ஆனது. அரசு குறுக்கிட்டு அதை 2,500 அளவில் நிறுத்தியது. அதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டு, ஆறு தவணைகளில். வங்கி மூலம் மாதாமாதம் கட்டுபவருக்கு அது பில்லிலேயே கழிந்தது. முன்பணம் கட்டி ஓட்டும் பழைய மீட்டர்காரருக்கு வவுச்சர் தபாலில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கோ கடைக்கோ போய் மீட்டர் அட்டையில் ஏற்ற வேண்டும். அந்த மீட்டர்கள் பெரும்பாலும் யாருடைய வீட்டில் இருக்கின்றன? வாடகை வீட்டுக்காரர், கடன்பட்டவர், நோயாளி. பல லட்சம் வவுச்சர்கள் மாதக்கணக்கில் மாற்றப்படாமலே கிடந்தன. மிகவும் தேவைப்பட்டவருக்கே மிகக் கடினமான வழி.

இந்த மீட்டரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. காசு தீர்ந்தால் சூடும் தீர்ந்துவிடும். கம்பெனி துண்டித்ததாகக் கணக்கில் வராது. அவராகவே நிறுத்திக்கொண்டார் என்று பொருள். எரிக்காத நாட்களுக்கும் நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். குளிர் தொடங்கியதும் பத்து பவுண்டு போட்டால், முதலில் அந்தப் பாக்கி போகும், மீதிக்குத்தான் சூடு. கடன்பட்டவர்களின் வீட்டுப் பூட்டைத் திறந்து இந்த மீட்டர்களைப் பலவந்தமாகப் பொருத்தியதை 2023 பிப்ரவரியில் டைம்ஸ் நாளிதழ் அம்பலப்படுத்திய பிறகுதான் ஒழுங்குமுறை ஆணையம் விழித்து அதை நிறுத்தி வைத்தது.

சுவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எரிபொருளுக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருப்பது, கூரை ஒழுகும் வீட்டுக்கு ஆண்டுதோறும் புதுப் பாத்திரம் வாங்கித் தருவது போன்றது. இது பிரிட்டனுக்குத் தெரியாத செய்தியில்லை. ஆய்வாளர் பிரெண்டா போர்ட்மன் 1991லேயே எரிபொருள் வறுமை பற்றிய தம் நூலில் வீட்டைச் சரிசெய்வதே தீர்வு என்று வாதிட்டார். வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எரிபொருளுக்குப் போனால் அது எரிபொருள் வறுமை என்ற அளவுகோலும் அவருடையதே. இங்கிலாந்து பிறகு அளவுகோலை மாற்றிக்கொண்டது. இப்போது வீட்டின் எரிசக்தித் தரம் ‘டி’ அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் வறுமைக் கணக்கில் வரும். ‘சி’ தர வீட்டில் கட்டணம் கட்ட வழியில்லாமல் குளிரில் உட்கார்ந்திருப்பவர் எரிபொருள் வறியவர் ஆகமாட்டார். புதிய அளவுகோலில் 2024இல் 11 சதவீதக் குடும்பங்கள். பழைய பத்து சதவீதக் கணக்கில், வீட்டுச் செலவு போக மீதமுள்ள வருமானத்தை வைத்துப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

சுவருக்கு வெப்பக் காப்பிடும் வேலையிலும் ஊழல் வாடை. அரசுத் திட்டங்களின்கீழ் வெளிச்சுவர்களில் பொருத்தப்பட்ட வெப்பக் காப்புகளில் 98 சதவீதத்தில் பெரிய குறைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் கண்டறிந்தது. பல வீடுகளில் ஈரமும் பூஞ்சையும் உள்ளே புகுந்துவிட்டன. அடுத்த மாத நிதிநிலை அறிக்கையில் அவற்றில் முதன்மையான திட்டத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். மோசமாகக் கட்டிய ஒப்பந்தக்காரரைத் திருத்துவதைவிடத் திட்டத்தைக் கைவிடுவது எளிது.

சுவர்கள் சரியாகப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை பணம் கொடுக்கத்தான் வேண்டும், அதையும் கேளாமலே கொடுக்க வேண்டும். சமூகநலத் துறையில் பணிக்குப் போகவிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தத் திட்டத்தின் அறிக்கையைக் கையில் எடுத்தாலும், பயனடைந்தோர் எண்ணிக்கையைப் பார்த்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். தகுதி இருந்தும் பெறாதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்த எண் அறிக்கையில் இல்லையென்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.